கடையில் வேலை செய்பவர்களுக்குச் சீருடை வேண்டுமா?

கேள்வி, 9 ஜூன் 2025

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் எங்களுக்கு மளிகைக் கடை. அப்பா காலத்துக் கடை. இப்போது பக்கத்து இடத்தையும் சேர்த்து, வருகிறவர்களே கூடையில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் மாதிரி மாற்றுகிறோம். மொத்தம் 14 பேர் வேலைக்கு. 9 பெண்கள், 5 ஆண்கள். சீருடை இருந்தால்தான் பெரிய கடை என்று மதிப்பார்கள் என்கிறான் மச்சான். அப்பாவோ, "மூஞ்சியைப் பார்த்து வர்ற சனம், சட்டையைப் பார்த்து வர்றதில்ல" என்கிறார். யார் சொல்வது சரி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு 10.15

உங்கள் அப்பா சொல்வதுதான் சரி தம்பி. போடாதீர்கள்.

தருமபுரியில் ஒரு ஜவுளிக் கடையில் 2006 முதல் 2015 வரை சேலைப் பிரிவில் நின்றவள் நான். ஒன்பது வருடம். இப்போது காவேரிப்பட்டணத்தில் நான்கு மிஷின் போட்டுத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சீருடை தைப்பதில்தான் பாதி வருமானம் வருகிறது. அப்படி இருந்தும் வேண்டாம் என்கிறேன். காரணத்தைக் காலையில் எழுதுகிறேன். இப்போது கண் சொக்குகிறது.

10 ஜூன், காலை 6.30

வேலைக்குச் சேர்ந்த அன்று கையில் இரண்டு சேலை கொடுத்தார்கள். மெரூன் நிறம், ஓரத்தில் பொன் கோடு, சூரத்திலிருந்து வரும் சிந்தெடிக் துணி. கூடவே ஒரு பேட்ஜ். அதில் என் பெயர் இல்லை. 47 என்ற எண்தான் இருந்தது. மைக்கில் "நாற்பத்தேழு, பட்டுப் பிரிவுக்கு வரவும்" என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வருடத்தில் அந்த எண்ணுக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். இன்றைக்கும் பஸ்ஸில் 47 என்ற எண்ணைக் கண்டால் கண் ஒரு கணம் அங்கே நின்றுவிட்டுத்தான் நகரும்.

முதல் மாதச் சம்பளம் வாங்கும்போதுதான் தெரிந்தது, அந்தச் சேலைகள் இனாம் இல்லை என்று. மூன்று தவணையாகப் பிடித்தார்கள்.

இரண்டே சேலை. பென்னாகரம் போகும் கடைசி பஸ்களில் ஒன்றைப் பிடித்து வீடு சேர்ந்து, ராத்திரியே துவைத்துப் போட வேண்டும். சிந்தெடிக் என்பதால் கோடையில் சட்டென்று காயும். ஐப்பசி கார்த்திகை மழையில் காயாது. மற்றொன்றும் ஈரமாக இருந்தால் அதையே உடுத்திக்கொண்டு போய், கடையின் ஃபேனுக்குக் கீழே உடம்போடு காயவைத்திருக்கிறேன். சளி பிடித்து லீவு போட்டால் அதற்கும் சம்பளம் போகும்.

இதையெல்லாம் பார்த்தவளால் "சீருடை போடுங்கள்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

10 ஜூன், மதியம்

எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது என் சம்பளம் 2,200. சேலை, ரவிக்கைத் தையல் எல்லாம் சேர்த்து 600. இன்றைய கணக்குக்கு இது சின்னத் தொகையாகத் தெரியும். அன்றைக்கு அது எங்கள் வீட்டு அரிசிப் பணம்.

11 ஜூன், இரவு

ஓசூரிலிருந்து எழுதியவர் அமெரிக்கக் கடைகளையெல்லாம் உதாரணம் காட்டுகிறார். என் அக்கா மகன் அங்கே இருப்பதால் அவனிடமும் கேட்டு வைத்தேன். இரண்டு கடைகளின் கதை கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வால்மார்ட்டில் 2014-இல் புது விதி போட்டார்கள். வெள்ளை அல்லது கருநீலத்தில் காலர் வைத்த சட்டை, காக்கி அல்லது கறுப்பு பேன்ட். மேலே போடும் நீல நிற வெஸ்ட்டைக் கம்பெனி கொடுத்தது. சட்டையும் பேன்ட்டும் ஊழியரின் சொந்தக் காசு. வாங்குகிற சம்பளத்தில் துணிக்கு வேறு செலவா என்று அங்கேயும் வேலை செய்பவர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய கடை அது. அங்கேயும் என் 600 ரூபாய்ப் பிரச்சினைதான்.

இன்னொன்று ஹோம் டிப்போ. 1979-இல் அட்லாண்டாவில் முதல் கடைகளைத் திறந்தவர்கள். வீடு கட்டவும் பழுது பார்க்கவும் தேவையான சாமான்கள் விற்கிறார்கள். அங்கே ஆரஞ்சு நிற ஏப்ரன்தான் அடையாளம். ஏப்ரனின் நெஞ்சுப் பக்கத்தில் அவரவர் பெயரை அவரவரே மார்க்கரால் எழுதிக்கொள்வார்களாம். படம் அனுப்பினான். ஒருவர் கோணலாக எழுதியிருக்கிறார், ஒருவர் பூப்போட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 14 பேர் நிற்கும் கடையில் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிட அப்படி என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?

13 ஜூன், காலை

நேற்று முழுவதும் மிஷினில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மெரூன் சேலையைப் பற்றி ஒரு நியாயம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஜவுளிக் கடையில் சேலையை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. "மேல போட்டுக் காட்டும்மா" என்பார்கள். அப்போது நாங்கள் முந்தானையை எங்கள் தோளில் போட்டு, கொசுவத்தைக் கையில் மடித்துப் பிடித்து நிற்போம். உள்ளே நாங்கள் கட்டியிருப்பது பூப்போட்ட சேலையாக இருந்தால், காட்டுகிற சேலையின் நிறமே எடுபடாது. பூ வேலை இல்லாத அழுத்தமான ஒற்றை நிறம் பின்னால் இருந்தால்தான் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் பளிச்சென்று தெரியும். மெரூனைத் தேர்ந்தெடுத்தவர் தொழில் தெரிந்த ஆள்தான். அழுக்கும் சீக்கிரம் தெரியாது.

அதனால் சீருடையே வீண் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் தம்பி வைத்திருப்பது மளிகைக் கடை. அங்கே யாரும் துவரம்பருப்பைத் தோளில் போட்டுக் காட்டச் சொல்ல மாட்டார்கள்!

13 ஜூன், இரவு

காரிமங்கலத்து அண்ணன் ஒருவர் கேட்கிறார்: "காமராசர் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை வந்ததே, ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியக்கூடாது என்று. கடைக்கு மட்டும் அது பொருந்தாதா?"

நல்ல கேள்வி. என் அம்மா மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். அரசு இலவசச் சீருடைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் தைக்கப்பட்டன. கால்சட்டைக்குக் காஜா எடுத்தே நான் தையல் பழகினேன். அந்தச் சீருடை மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் அண்ணா. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் போடுகிறார்கள். கடையில் அப்படியா? கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் தம்பி வெள்ளை வேட்டி சட்டையில் இருப்பார். சூப்பர்வைசருக்கு டை. பில் போடும் பெண்ணுக்கு ஒரு நிறம், கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு வேறு நிறம். எங்கள் கடையில் துடைக்கிற அம்மாக்களுக்குச் சாம்பல் நிறச் சேலை. அதைக் கட்டிக்கொண்டு அவர்கள் மெயின் வாசல் வழியே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்தச் சீருடை வித்தியாசத்தை மறைக்கவில்லை. யார் எந்தப் படியில் நிற்பவர் என்று தூரத்திலிருந்தே தெரியும்படி வர்ணம் அடித்து வைத்தது.

15 ஜூன், ஞாயிறு

கேள்வி கேட்ட தம்பி போனில் பேசினார். கிருஷ்ணகிரிக்கு நூல், பட்டன் வாங்கப் போக வேண்டியிருந்ததால் கடையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ரவுண்டானாவிலிருந்து ஆட்டோவில் போனேன்.

முதலாளிகள் சொல்வதை எத்தனை நாள் கேட்பது என்று, அங்கே வேலை செய்யும் பெண்களிடமே கேட்டேன். ஒன்பது பேரில் ஏழு பேர் வேண்டும் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதில் ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும். போன மாதம் வரை மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை பார்த்தவள். "அங்க எல்லாருக்கும் தலைக்குத் தொப்பி, ஏப்ரன் இருந்துச்சு அக்கா. உள்ள என்ன போட்டிருக்கோம்னு யாரும் பார்க்க மாட்டாங்க. இங்க வந்து ரெண்டு சுடிதாரையே மாத்தி மாத்திப் போட்டா, நேத்தும் இதுதானேன்னு பக்கத்துல நிக்கிறவளே கேக்குறா" என்றாள். சொல்லும்போதே துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஓரத்தில் நூல் பிரிந்து, அதை ஊசியால் கோத்து மறைத்திருந்தாள். தைக்கிறவள் கண்ணுக்கு அது தப்பாது.

நானும் 2006-இல் அப்படித்தான் இருந்தேன். வெளியே கட்டிப் போகும்படி என்னிடம் ஒரே ஒரு நல்ல சேலைதான் இருந்தது. அந்த மெரூன் சேலை வந்த நாளிலிருந்து காலையில் எதைக் கட்டுவது என்ற பயம் போயிற்று. அதை நான் மறந்தே போயிருக்கிறேன், பாருங்கள். கசப்பு மட்டும்தான் மனதில் தங்கியிருக்கிறது.

ஆகவே 9-ஆம் தேதி நான் "போடாதீர்கள்" என்று எழுதியது தவறு. போடுங்கள். ஆனால் எதை, எத்தனை, யார் காசில், யாரைக் கேட்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

16 ஜூன்

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தம்பி தைக்கும் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார். இனிமேல் நான் எழுதுவதை அந்தக் கணக்கையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

22 ஜூன், இரவு 11

பாக்கெட்டுக்காக ஒரு வாரம் சண்டை.

முடிவானது இதுதான்: பெண்களுக்குச் சுடிதாரோ சேலையோ அவரவர் விருப்பம், அதன் மேல் முட்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் ஓவர்கோட். ஆண்களுக்கு அரைக்கை சட்டை. ஓவர்கோட்டுக்கு ஆளுக்கு இரண்டு மீட்டர், பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. வெறும் பாலியெஸ்டர் வேண்டாம் என்று நின்றேன். மூட்டை தூக்குகிற உடம்பில் அது வேர்வையை வாங்காது, பிசுபிசுவென்று ஒட்டும், சாயங்காலம் நாற்றம் எடுக்கும். வெறும் பருத்தியும் வேண்டாம், தினம் இஸ்திரி போட யாருக்கும் நேரம் இல்லை. நிறம் இலைப்பச்சை, அதை அந்தப் பெண்களே தேர்ந்தெடுத்தார்கள்.

வரைந்து காட்டியபோது மச்சான், "ரெண்டு பக்கமும் பாக்கெட் எதுக்கு? வேண்டாம், எடுத்துடுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார். பதில் எனக்குத் தெரியும். நான் தைத்துக் கொடுத்த இடங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாக்கெட் இருந்தால் பொருள் போகுமாம்.

எங்கள் ஜவுளிக் கடையிலும் ரவிக்கையிலோ சேலையிலோ ஒன்றும் வைத்துக்கொள்ள வழி இல்லை. பஸ் காசை இடுப்பில் முடிந்துகொள்வோம். ராத்திரி வெளியே போகும்போது தனி வழி, அங்கே ஒரு அம்மா தடவிப் பார்த்து அனுப்புவார். அவரும் எங்களைப் போல் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தடவுவார். பகல் முழுவதும் லட்ச ரூபாய்ப் பட்டை எங்கள் கையில் நம்பிக் கொடுத்த கடை, ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த நம்பிக்கையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

மச்சானிடம் சொன்னேன்: "இந்தப் பொண்ணுங்க கைக்குட்டை எங்க வைப்பாங்க? பேனா? பஸ் பாஸ்? மாசத்துல அந்த மூணு நாள் பாத்ரூம் போகும்போது தேவையானதை எல்லார் முன்னாலயும் கையிலயே எடுத்துட்டுப் போகணுமா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். இதை ஒரு ஆண்பிள்ளையிடம் சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

இரண்டு பக்கமும் பாக்கெட். ஆழம் ஏழு அங்குலம். முடிந்தது.

23 ஜூன், காலை

"ஏழு அங்குலம் அதிகம், குனிந்தால் முட்டியில் இடிக்கும்" என்று தருமபுரியிலிருந்து ஒரு தையல்காரர் திருத்தியிருக்கிறார். சரிதான். ஆறே காலுக்குக் குறைத்து, வாயைக் கொஞ்சம் சாய்வாக வெட்டிவிட்டேன். போனும் நிற்கும், குனிந்தாலும் விழாது. நன்றி அண்ணா.

30 ஜூன்

கடைப் பெயரை முதுகில் பெரிதாக அச்சடித்தால் ஊரெல்லாம் இலவச விளம்பரம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஆண்களுக்கு வேண்டுமானால் செய்யுங்கள். ராத்திரி ஒன்பதரைக்குப் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பெண்ணின் முதுகில், அவள் எங்கே வேலை செய்கிறாள், நாளைக்கு எங்கே வந்தால் பார்க்கலாம் என்று எழுதி ஒட்டாதீர்கள். மெரூன் சேலையை அடையாளம் வைத்துக்கொண்டு, மறுநாள் வாடிக்கையாளர் போல் மாடியேறி வந்தவன் ஒருவனால் எங்களோடு வேலை பார்த்த பெண் வேலையையே விட்டாள். சீருடை கடைக்குள் அவளுக்குக் காவல், தெருவில் அதுவே ஆபத்து. ஓவர்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகும்படி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சொமேட்டோ விஷயம் பலருக்கு நினைவிருக்கும். 2024 மார்ச்சில் சைவ உணவுக்குத் தனிப் படை, அவர்களுக்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தார்கள். சிவப்புச் சட்டைக்காரரை எங்கள் குடியிருப்புக்குள் விடமாட்டோம் என்று சில இடங்களில் கிளம்பிவிடுவார்களே என்ற பேச்சு வந்ததும், மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டு எல்லோருக்கும் சிவப்பு என்று மாற்றினார்கள். ஒரு நிறத்தை முடிவு செய்யும்போது அதை அணிந்து கதவைத் தட்டப் போகிறவன் நிலைமை என்ன என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

8 ஜூலை

துணி எடுக்க பெங்களூரு சிக்பேட்டை போயிருந்தேன். திரும்பும் முன் சர்ச் ஸ்ட்ரீட்டில் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி. அங்கே பரிமாறுகிறவர்கள் வெள்ளை உடுப்பு, இடுப்புப் பட்டை, தலையில் விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை. வெள்ளைக்காரன் காலத்து வேஷம் என்று இதைக் கேவலமாக நினைத்து, இங்கே எழுதவும் மனதில் வைத்திருந்தேன்.

காபி கொண்டு வந்தவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். அது தொழிலாளர்களே நடத்தும் கூட்டுறவு. 1957-இல் பெங்களூரில்தான் முதல் சங்கம் ஆரம்பமானது. அவர் தலைப்பாகையைக் கழற்றாமலே இரண்டு விரலால் விசிறியை நேராக்கிக்கொண்டார். எங்கள் சூப்பர்வைசர் எங்கள் முந்தானையை "நேராப் போடு" என்று அதட்டியபோது நாங்கள் நேராக்கிக்கொண்டது வேறு மாதிரி. துணி எப்படிப்பட்டது என்பதைவிட, அதைப் போடச் சொன்னது யார் என்பது முக்கியம் என்று அந்த விரலைப் பார்த்தபோது தோன்றியது.

20 ஜூலை

ஓசூர் நண்பர் ஒரு நல்ல யோசனை சொன்னார். நம் மாவட்டத்தில் ஒரே கடைக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். பேட்ஜில் பெயருக்குக் கீழே அவர் பேசும் மொழிகளைப் போட்டால், கிராமத்திலிருந்து வரும் பாட்டி கூச்சப்படாமல் கேட்பார் அல்லவா? செய்துவிட்டோம். மாங்கூழ் ஃபேக்டரிப் பெண்ணுக்கு மூன்று மொழி. கடையிலேயே அவளுக்குத்தான் அதிகம். பேட்ஜில் பெயரை அவரவரே எழுதினார்கள். அந்த அமெரிக்கக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

இன்று கடை திறந்தார்கள். ஒகேனக்கல் பக்கம் போகாமல் இங்கே வந்தேன். 28 உருப்படி, ஆளுக்கு இரண்டு. ஓனர் தம்பியின் மனைவியும் பில் கவுண்டரில் அதே பச்சைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை, அவரே கேட்டுத் தைத்துக்கொண்டார். அவரையும் சேர்த்தால் 30.

5 ஆகஸ்ட்

பெரியவர் ஒருவர் ஆராய்ச்சி ஒன்றைச் சுட்டியிருந்தார். 2012-இல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் செய்தது. டாக்டர் கோட் என்று சொல்லிக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டவர்கள், அதே கோட்டைப் பெயின்டர் கோட் என்று சொல்லிக் கொடுத்தவர்களைவிடக் கவனமாக வேலை செய்தார்களாம். படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீர்களா, சீருடை ஆளையே மாற்றும்" என்று நேற்று எழுதிவிட்டேன்.

இன்று திருத்துகிறேன். அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதியை 2019-இல் வேறு சிலர் திரும்பச் செய்து பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று இன்னொருவர் காட்டினார். நேற்று எழுதியதை எடுத்துவிட்டேன். கோட்டைப் போட்டதும் புத்தி மாறுமா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கோட் போட்டதும் எதிரில் நிற்பவர் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

6 ஆகஸ்ட்

அது எப்படி என்று கேட்டவர்களுக்கு.

ஒரு தீபாவளி சீசன். அரூரிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். அவர் கட்டியிருந்ததும் மெரூன் சேலை, கிட்டத்தட்ட எங்கள் நிறம். ரேக் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை வேறொரு அம்மா, "ஏ பொண்ணு, அந்த ரோஸ் கலரை எடு" என்று அதட்டிவிட்டார். டீச்சர் திரும்பினார். முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது. "நான் வேலைக்காரி இல்லை" என்றார். அதட்டிய அம்மா பதறிப்போய், "ஐயோ, மன்னிச்சிடுங்க மேடம், தெரியாமச் சொல்லிட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ரோஸ் சேலையை எடுத்துக் கொடுத்தது நான். "ஏ பொண்ணு" என்பது டீச்சருக்குத்தான் அவமரியாதை, எனக்கு அது பேச்சுவழக்கு. இரண்டு பேரும் அதில் ஒத்துப்போனார்கள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. அந்த நிறத்துக்கு எங்கள் கடை அப்படி ஒரு அர்த்தத்தைக் கொடுத்து வைத்திருந்தது. முதலாளி எங்களை எண் சொல்லிக் கூப்பிடுவதை மைக்கில் கேட்டுக்கொண்டே துணி எடுக்கிற சனம், வேறு எப்படிக் கூப்பிடும்?

இதே குழப்பத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தியவர்களும் உண்டு. 2006-இல் நியூயார்க்கில் பெஸ்ட் பை என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள், ஊழியர்களைப் போலவே நீலச் சட்டையும் காக்கி பேன்ட்டும் போட்டுக்கொண்டு சுமார் 80 பேர் விளையாட்டாக நுழைந்துவிட்டார்கள். சனங்கள் பாட்டுக்கு அவர்களிடம் பொருளைப் பற்றி விசாரித்தார்களாம். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் முகம் சிவந்திருக்காது என்று நினைக்கிறேன்.

14 செப்டம்பர்

நாற்காலி விஷயம். இதைச் சீருடையோடு ஏன் சேர்க்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் கடையில் உட்காரக்கூடாது என்பதற்குச் சொன்ன காரணமே, "சேலை கசங்கிடும்" என்பதுதான். மடிப்பு கலையாமல் ஐந்து இடத்தில் ஊக்கு குத்தி, காலை ஒன்பதரை முதல் ராத்திரி வரை நிற்பு. சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி நேரம். என் இடது காலில் முட்டிக்குப் பின்னால் புடைத்திருக்கும் நரம்பு அந்தக் கடையில் சம்பாதித்தது.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், பெண்கூட்டு என்ற அமைப்பாகச் சேர்ந்து உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். கேரளத்தில் 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. நம் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வைத்து, 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும். நான் வேலையை விட்டு ஆறு வருடம் கழித்து வந்த சட்டம். பேப்பரில் அதைப் படித்த அன்று ஏனோ அழுகை வந்தது.

தம்பி கடையில் ரேக் வரிசைக்கு ஒரு ஸ்டூல் வைத்திருக்கிறார்கள். ஓவர்கோட்டின் பின்பக்கம் நடுவில் ஒரு வெட்டு விட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் இழுக்காது. கசங்கினால் கசங்கட்டும்.

26 அக்டோபர்

தீபாவளி கழிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம். தம்பி சொன்ன தகவல்: பாக்கெட் வைத்ததால் இருப்புக் கணக்கில் புதிதாக ஒரு குறையும் இல்லை. மச்சான் இதைத் தானே போன் போட்டுச் சொன்னார். பெரிய மனசுதான்.

அப்பா மட்டும் இன்னும் "மூஞ்சியைப் பார்த்துத்தான் வர்றாங்க" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அந்த மூன்று மொழிப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கேட்டு வருகிற பாட்டிகள் இருக்கிறார்கள். பேட்ஜைப் படிக்கத் தெரியாதவர்களும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

குறை ஒன்றும் வந்தது. பச்சை நிறம் அக்குள் பக்கம் வெளுக்கிறது. துணிக் கடையில் சாயம் நிற்கும் என்று அடித்துச் சொன்னதை நம்பிவிட்டேன். அடுத்த முறை ஒரு துண்டை வெட்டி, இரண்டு வாரம் துவைத்து, வெயிலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

9 நவம்பர், ஞாயிறு

பழுது பார்க்க எல்லாக் கோட்டையும் வாங்கி வந்திருக்கிறேன். கூடத்தில் குவித்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பட்டன் நான்கில்தான் போயிருக்கிறது. தையல் எங்கும் விடவில்லை. ஆனால் பெண்கள் கோட் அத்தனையிலும் பாக்கெட் வாய் நைந்து நூல் கிளம்பியிருக்கிறது. வலது பக்கம் அதிகம், இடது பக்கம் கொஞ்சம் குறைவு. ஒன்றினுள் பஸ் டிக்கெட், ஒன்றில் காய்ந்த மல்லிகைச் சரம், ஒன்றில் மாத்திரை அட்டை. எடுத்துத் தனித்தனியாகக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

மிச்சத் துணி மூன்றரை மீட்டர் இருக்கிறது. குறுக்காகப் பட்டை வெட்டி, வாயைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டு, பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் கொடுத்துவிடுவேன்.